கிரேக்க இலக்கியத்திற் கோரவுருக்கள்

பழைய கிரேக்கக் கதைகளைப் பயில்வார் நெஞ்சில், தேவரும் வீரரும் நிலைபெறும் அளவிற்கு அக்கதைகளில் வரும் கோரவுருக்களும் நிலைபெற்று நிற்கின்றன. பாம்புகளைக் கூந்தலாக உடைய மெடூசாவும், ஒற்றைக்கண் படைத்த பொலிபீமசும், வெட்ட வெட்டத் தலை முளைக்கும் ஹைட்ராவும், ஆறு கழுத்துக்களை நீட்டிக் கப்பலோட்டிகளைக் கவ்வும் ஸ்கில்லாவும், காளைத்தலையும் மனிதவுடலும் கொண்ட மினோட்டரும் கிரேக்க மொழியை ஒருசிறிதும் அறியாதாரும் அறிந்த உருவங்களாம். எனினும், இவற்றை இலக்கியப் பொருளாகக் கொண்டு ஆராய்ந்தார் சிலரே. சிறுவர்க்குச் சொல்லுங் கதைக்கு அப்பால் இவற்றிற்கு மதிப்பில்லையென்று தள்ளுவார் ஒரு சாரார். எரிமலை, நீர்ச்சுழி, புயல் முதலியவற்றின் உருவகமே இவையென்று விளக்கி அமைவார் மற்றொரு சாரார். கதை எங்கே பிறந்தது என்பதை அவ்விளக்கங்கள் ஒருவாறு காட்டலாம். கவிஞன் அதனை என் செய்தான் என்பதைக் காட்டமாட்டா. அச்சந்தரும் ஓர் உருவைக் காவியத்திலோ நாடகத்திலோ நிறுத்திய கவிஞன், அவ்வச்சத்தைக் கொண்டு எதனை உணர்த்தினான் என்பதே திறனாய்வாளன் கேட்கவேண்டிய வினா. அவ்வினாவோடு நூல்களை அணுகுமிடத்து ஓர் உண்மை புலனாகும். கிரேக்கரின் கோரவுருக்கள் மனிதனுக்கு அயலாக நிற்பதனால் அஞ்சத்தக்கன ஆகவில்லை; அவனுக்கு அணித்தாக நிற்பதனாலேயே அஞ்சத்தக்கன ஆயின. சிறந்த கவிஞர் இதனை உணர்ந்து பாடினர். உணராதார் கையில் அவை வெறுங் காட்சிப்பொருளாய் முடிந்தன.

இதனை அளந்தறிதற்குரிய அளவுகோல் கிரேக்கரிடமிருந்தே கிடைக்கின்றது. அரிஸ்டோட்டில் தமது 'கவிதையியல்' என்னும் நூலிலே, காட்சியமைப்பினால் திகைப்பூட்டுங் கோரத்தை மாத்திரம் விளைவிப்போர்க்கு அவல நாடகத்தோடு யாதொரு தொடர்புமில்லை என்று கூறுகின்றார். நம்மை ஒத்த ஒருவனுக்கு நேருங் கேட்டைக் காணும்பொழுதே அச்சம் தோன்றும் என்பதும் அவர் கருத்து. எனவே, கோரம் வேறு, அச்சம் வேறு. தமிழ் மெய்ப்பாட்டியலின் சொற்களாற் கூறுமிடத்து, முன்னது மருட்கையின்பாற் படும். பின்னது அழுகையோடு அடுத்து நிற்கும். கோரவுருவைக் குறிக்கக் கிரேக்கர் வழங்கிய 'தெராஸ்' என்னுஞ் சொல்லும் ஈண்டுக் கருதற்பாலது. தேவர்கள் மாந்தர்க்குக் காட்டும் உற்பாதத்தையும் நிமித்தத்தையும் குறித்தற்கும் அச்சொல்லே வழங்கிற்று. ஆகவே, கோரவுரு என்பது கண்டு ஓடுதற்குரிய பொருள் மாத்திரமன்று. நின்று பொருளறிதற்குரிய அறிகுறியுமாம்.

இன்று கிடைக்கும் நூல்களுள் கோரவுருக்களின் குலமுறையை ஒழுங்குபடக் கூறுவது, கி. மு. 700ஆம் ஆண்டை அடுத்து வாழ்ந்தவரெனக் கருதப்படும் ஹெசியட் இயற்றிய 'தேவர் பிறப்பு' ஆகும். உலகத் தோற்றமும் தேவர் தலைமுறைகளும் கூறவந்த இந்நூல், கோரவுருக்களுக்கெனத் தனியோர் உலகை வகுத்திலது. தேவர்களைப் பெற்ற நிலமகளாகிய கையாவே அவற்றிற்கும் மூதாய். அவளுக்கும் கடலாகிய பொன்டசுக்கும் பிறந்த போர்க்கிஸ், கீட்டோ என்னும் இருவரின் புதல்வியரே கோர்கன்கள் எனப்படும் மூவர். அம்மூவருள் ஒருத்தி மெடூசா. தேவர்க்கரசனாகிய சியூசோ, கையாவின் மகன் குரோனசுக்குப் பிறந்தவன். ஆகவே, வானுலகை ஆளும் சியூசும், கண்டாரைக் கல்லாக்குபவளெனப் பின்வந்தோர் கூறும் மெடூசாவும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். பாதி அழகிய மங்கையும் பாதி கொடிய பாம்புமாகிய எக்கிட்னாவும், அவள் ஈன்ற செர்பரஸ், ஹைட்ரா முதலியனவும் இக்குடியிற் பிறந்தனவே. ஒளியும் இருளும் ஒரு வயிற்றிற் பிறந்தவை என்னும் இவ்வெண்ணம், வெறும் பெயர்ப்பட்டியல் போலத் தோன்றும் ஹெசியடின் நூலுக்கு ஆழந் தருகின்றது.

மெடூசாவைப் பற்றி ஹெசியட் கூறுவன சில அடிகளே. ஆயினும் அவை பொருள் செறிந்தவை. உடன்பிறந்தார் மூவருள் மற்றையிருவருக்கும் மூப்புமில்லை, சாவுமில்லை. மெடூசா ஒருத்தியே இறப்புக்குரியவள். இளவேனிற் பூக்கள் மலர்ந்த மென்புல்வெளியிலே கடற்றெய்வமாகிய பொசைடன் அவளைக் கூடினான். பெர்சியஸ் அவள் தலையை அரிந்தபொழுது, கிறிசாவோர் என்பவனும் பெகாசஸ் என்னும் குதிரையும் அக்கழுத்தினின்றும் தோன்றின. இறப்புக்குரியவள், காதலுக்குரியவள், தாயாகியவள் என்னும் இம்மூன்று குறிப்புக்களும் அவளை மானிடப் பெண்ணின் நிலைக்கு மிக அணித்தாகக் கொண்டுவருகின்றன. துயருற்றவள் என்றே கவிஞர் அவளைச் சுட்டுகின்றார். அச்சத்திற்கு அடியிலே இரக்கம் ஊற்றெடுக்கும் இடம் இதுவாம்.

இந்நூலின் பெருங் கோரவுரு டைபோன். கையாவின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்த அவன் தோளினின்றும் நூறு பாம்புத் தலைகள் எழுந்தன. அவற்றின் கண்களிலே தீப் பறந்தது. ஆயினும், ஹெசியட் வடிவத்தினும் குரலையே மிகுத்துப் பாடுகின்றார். அத்தலைகளினின்றும் ஒருகால் தேவர்க்கு விளங்கும் மொழி எழும். ஒருகால் காளையின் முக்காரம் எழும். ஒருகால் சிங்கத்தின் முழக்கம். ஒருகால் நாய்க்குட்டிகளின் ஓசை. ஒருகால் மலைகள் எதிரொலிக்குஞ் சீறல். விலங்கின் கூச்சல் மாத்திரமாயின் அது வெறுங் கோரமாய் நின்றிருக்கும். இடையிடையே விளங்கும் மொழியும் எழுதலினாலேதான் கேட்போர் நெஞ்சு நடுங்குகின்றது. சியூஸ் இடியேற்றினால் அவனை வீழ்த்தி டார்ட்டரசிலே தள்ளியபின்னும் அவன் அழிந்தொழியவில்லை. கப்பல்களைச் சிதறடித்து, உழவர் பயிரைப் பாழாக்குங் கொடுங்காற்றுக்கள் அவனிடமிருந்தே வருகின்றன. கி. மு. 470இல் சிசிலி நாட்டு மன்னன் ஹையெரோனின் தேர்ப்போட்டி வெற்றியைப் பாடிய பிண்டார், இதே டைபோனை எட்னா எரிமலையின் கீழே கிடத்தினார். யாழிசை கேட்டுத் தேவர்கள் மகிழ, சியூசின் பகைவர் அதே இசைக்கு அஞ்சுவர் என்பது அவர் கற்பனை. கோரவுருவும் அஞ்சும் என்று கண்டமை பிண்டாரின் நுட்பம். இசைவின்மையே கோரம் என்பது அதனாற் பெறப்படும்.

ஹெசியட் எண்ணிக்கை கூறுமிடத்திலே பலகாலும் மௌனங் காப்பவர் ஹோமர். பொலிபீமசின் கதையை 'ஒடிசி' ஒன்பதாங் காண்டம் விரித்துரைக்கின்றது. ஆயினும் அவனுக்குக் கண் ஒன்றே என்று கவிஞர் எவ்விடத்தும் வெளிப்படையாகக் கூறவில்லை. ஒரு கண்ணைக் குருடாக்கியதும் அவன் பார்வை முழுதும் போயிற்று என்னும் செய்தியினால் கேட்போரே அதனை உணர்ந்துகொள்கின்றனர். பாடலால் மாலுமிகளை ஈர்த்துக் கொல்லும் சைரன்களின் உடலமைப்பைப் பற்றியும் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மொழியின் இருமை எண்ணினால் அவர்கள் இருவரென்பது தெரிகின்றது. அவர்கள் இருக்கும் புல்வெளியைச் சூழ அழுகிய மாந்தரின் எலும்புகள் குவிந்து கிடப்பதும் சொல்லப்படுகின்றது. பறவையுடலும் பெண்தலையும் அவர்களுக்குத் தந்தவர் ஓவியரே. சைரன்கள் ஒடிசியசுக்குக் காட்டும் ஆசையும் உடலின்பமன்று. திரோய் நகரிலே நிகழ்ந்தன யாவும் தாம் அறிவதாகவும், மண்ணுலகில் நிகழ்வன யாவும் அறிவதாகவும் கூறி, அறிவையே அவர்கள் தூண்டிலிரையாக இடுகின்றனர். அறிவுவேட்கை மிக்க ஒருவனுக்கு அவ்வேட்கையே கொலைக்கருவியாகும் என்பதைக் காட்டற்கு வடிவ வருணனை வேண்டப்படவில்லை.

பொலிபீமஸ் வாழும் முறையை ஹோமர் வருணிக்கும் வகை ஊன்றி நோக்கற்பாலது. சைக்ளொப்ஸ் எனப்படும் அவ்வினத்தார்க்குக் கூடிப் பேசும் அவையுமில்லை, பொதுவான சட்டமுமில்லை. ஒவ்வொருவனும் தன் மனைவி மக்களுக்கே நீதி கூறுவான். அயலானைப் பற்றிக் கவலைகொள்ளான். கிரேக்கர் கண்ணிலே கோரத்தின் இலக்கணம் இதுவே. ஒற்றைக் கண்ணன்று, ஒற்றை வாழ்வு. ஆயினும் அதே பொலிபீமஸ் தன் தொழிலிலே மிக ஒழுங்கானவன். அவன் குகையில் ஆட்டுக்குட்டிகள் வயதிற்கேற்பத் தனித்தனியே அடைக்கப்பட்டுள்ளன. பாலைக் கறந்து, ஒவ்வொரு குட்டியையும் அதனதன் தாயிடம் விட்டு, பாதிப் பாலை உறைய வைத்துக் கூடைகளில் இடுகின்றான். பாதியைக் குடிப்பதற்கு வைக்கின்றான். இவ்வளவு பழகிய காட்சியினிடையே, அவன் இருவரைப் பற்றி நிலத்தில் அறைந்து, மலைச்சிங்கம்போல எலும்பும் எஞ்சாமல் உண்கின்றான். உண்டபின் மீண்டும் ஆடுகளை முறைப்படி கறக்கின்றான். வீட்டொழுங்கும் நரமாமிசமும் ஒரு கூரையின் கீழ் அமைந்தமையே இங்கு அச்சத்தின் ஊற்று.

விருந்தோம்பல் கிரேக்கர்க்குத் தெய்வக்கடன். வேற்றூரினின்றும் வந்தோனைச் சியூஸ் காக்கின்றான் என்பது அவர் நம்பிக்கை. பொலிபீமஸ் அக்கடனை மறந்தவனல்லன், அதனைத் தலைகீழாக்கியவன். விருந்தினனுக்கு அளிக்கும் பரிசாக, ஒடிசியசைக் கடைசியில் உண்பதாக அவன் வாக்களிக்கின்றான். விருந்தினனை உண்பிக்க வேண்டியவன் விருந்தினனையே உண்கின்றான். எனினும் ஹோமர் குற்றத்தை ஒரு பக்கமே சுமத்தினாரல்லர். வீட்டுக்குடையவன் இல்லாதபொழுது குகையினுட் புகுந்து, அவன் பாற்கட்டியை எடுத்து உண்டவர்கள் ஒடிசியசும் அவன் தோழருமே. எடுத்துக்கொண்டு புறப்படுவோமென்று தோழர் வேண்டவும், பரிசு பெறும் ஆசையினால் அவனே அங்குத் தங்கினான். கண்ணிழந்தபின் பொலிபீமஸ் தன் கடாவைத் தடவி, நாள்தோறும் முன்செல்லும் நீ இன்று கடைசியாய் வருவதேன், தலைவன் கண்ணுக்கு வருந்துகின்றாயோ என்னுங் கருத்துப்படப் பேசும் இடம் காவியத்தின் உருக்கமான பகுதிகளுள் ஒன்று. அக்கடாவின் வயிற்றடியிலேதான் ஒடிசியஸ் தொங்கிக்கொண்டிருக்கின்றான். கொடியவன் அன்பு கூருகின்றான். வீரன் அவ்வன்பின் கீழ் ஒளிந்து தப்புகின்றான். கேட்போன் எவர்பக்கம் நிற்பது?

இவ்வினாவிற்கு மற்றொரு கோணமும் உண்டு. சைக்ளொப்ஸ் நாட்டுக்கு எதிரே ஒரு தீவு கிடக்கின்றது. நீர்வளம் மிக்க புல்வெளிகளும், கொடிமுந்திரி வளர்தற்கேற்ற நிலமும், நல்ல துறைமுகமும் அங்கு உண்டு. கப்பலில்லாத சைக்ளொப்ஸ் அதனைப் பயன்படுத்தவில்லை என்று ஒடிசியஸ் கணக்கிடுகின்றான். இது குடியேற்றம் நாடுவோன் பார்வை. கி. மு. 8ஆம் நூற்றாண்டிலே கிரேக்கர் கடல்கடந்து சிசிலி முதலிய இடங்களிற் குடியேறத் தொடங்கியிருந்தனர் என்பதை நினைவிற் கொண்டால் இவ்வருணனையின் பொருள் விளங்கும். பிற்காலத்து வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், சிசிலியின் மிகப் பழைய குடிகளாகச் சைக்ளொப்சும் லேஸ்ட்ரிகோனியரும் சொல்லப்படுகின்றனர் என்று குறித்து, அவர் எவ்வினத்தவர் என்பதைத் தம்மாற் கூறவியலாதெனக் கவிஞரிடம் விட்டுவிடுகின்றார். பிறர் நிலத்தில் இறங்கும் மக்கள் அந்நிலத்துக்குரியாரைக் கோரவுருக்களாகக் காண்பது எளிது. ஹோமர் அப்பார்வையைத் தம் கதைத்தலைவன் வாயில் வைத்தார். ஆனால் கடாவோடு பேசுங் குரலையும் மறைத்தாரல்லர். அவர் பெருமை இவ்விரண்டையும் ஒருங்கே காட்டியதில் உள்ளது.

ஸ்கில்லாவின் கதையில் அச்சம் வேறொரு வகையாக மாந்தர்பால் வந்து சேர்கின்றது. பன்னிரண்டு கால்கள், ஆறு நீண்ட கழுத்துக்கள், ஒவ்வொரு வாயிலும் மூன்று வரிசைப் பற்கள் என அவள் உருவை எண்ணிக்கூறும் ஹோமர், அவள் குரல் மாத்திரம் புதிதாய்ப் பிறந்த நாய்க்குட்டியின் குரலை ஒத்தது என்கின்றார். ஒருபுறம் ஸ்கில்லா, மறுபுறம் நாளுக்கு மும்முறை கடலை விழுங்கும் கரிப்டிஸ். கரிப்டிசை அணுகினால் கப்பல் முழுதும் அழியும். ஸ்கில்லாவை அணுகினால் அறுவர் மாள்வர். இதனை முன்னரே அறிந்த ஒடிசியஸ், தோழர் அஞ்சித் துடுப்பைக் கைவிடுவரென எண்ணி, ஸ்கில்லாவைப் பற்றி அவர்கட்குச் சொல்லாமலே கப்பலைச் செலுத்துகின்றான். பாறைமேல் இருந்து தூண்டிலிடுவோன் மீனைத் துடிதுடிக்கத் தூக்குவதுபோல அவள் அறுவரைத் தூக்குகின்றாள். அவர்கள் அவன் பெயரையே சொல்லிக் கூவுகின்றனர். கடலில் தான் பட்ட துன்பங்கள் யாவற்றுள்ளும் கண்கொண்டு காணவியலாத அவலம் அதுவே என்று அவன் பின்னர்க் கூறுகின்றான். இங்கே அஞ்சத்தக்கன ஸ்கில்லாவின் பற்களோ, அறுவர் உயிரை எண்ணிக் கணக்கிட்டு வாய்மூடியிருந்த தலைவனின் மௌனமோ? காவியம் விடை கூறவில்லை.

கவிதைக்கு அப்பால் சிற்பமும் ஓவியமும் இவ்வுருக்களைக் கையாண்டன. எலூசிஸ் என்னுமிடத்தில் 1954ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட பெருந்தாழி ஒன்று கி. மு. 7ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது. அதன் கழுத்திலே பொலிபீமசைக் குருடாக்குங் காட்சியும், உடலிலே பெர்சியசைத் துரத்தும் கோர்கன்களும் தீட்டப்பட்டுள்ளன. அத்தாழி ஒரு சிறுபிள்ளையைப் புதைத்தற்குப் பயன்பட்டது. கோர்பு தீவில் கி. மு. 580ஐ அடுத்து எழுந்த ஆர்ட்டெமிஸ் கோயிலின் முகட்டு முக்கோணத்திலே, பல்லைக் காட்டி நாவை நீட்டிய மெடூசா நடுநாயகமாக நிற்கின்றாள். அவளது சாவின்பொழுதே பிறந்த பெகாசசும் கிறிசாவோரும் அவளுக்கு இருமருங்கும் உள்ளனர். அதீனா தேவியின் மார்புக் காப்பிலும் அகமெம்னோனின் கேடயத்திலும் கோர்கனின் முகம் பொறிக்கப்பட்டிருந்ததை 'இலியட்' கூறும். சிறுபிள்ளையின் தாழியிலும், கோயில் முகட்டிலும், போர்வீரன் கேடயத்திலும் அஞ்சத்தகு முகத்தை அமைத்த மக்கள், அச்சத்தை அச்சத்தாலே காக்கலாமென எண்ணினர்போலும். பகையாயிருந்த முகம் காவலாயிற்று. வென்ற பொருளை அழித்துவிடாது வாயிலில் நிறுத்தியமை கிரேக்கரின் மனப்பாங்கை நன்கு விளக்கும்.

ஹெரக்கிளிசின் வீரச்செயல்களில் வரும் கோரவுருக்கள் பெரும்பாலும் வெல்லப்படுதற்கென்றே அமைந்தவை. நெமியாவின் சிங்கமும், லெர்னாவின் ஹைட்ராவும் மட்கலங்களில் எண்ணிறந்த இடத்தைப் பெற்றனவேனும், கவிதையில் உயிர்பெற்றன குறைவே. ஆனால் கி. மு. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஸ்டெசிக்கோரஸ், அவ்வரிசையில் ஒன்றாகிய கெரியோனின் கதையைப் புதுவழியிற் பாடினார். எகிப்தின் ஒக்சிரிங்கஸ் பகுதியிலே மணலினின்றும் கிடைத்த நாணற்புல் ஏட்டுத் துண்டுகள் 1967இல் வெளியிடப்பட்ட பின்னரே அதன் பெருமை நன்கு தெரியலாயிற்று. மூன்று உடலுடைய கெரியோன் மெடூசாவின் பேரன். மேற்குத் தீவொன்றில் மாடுகளை வைத்து வாழ்பவன். அம்மாடுகளைக் கவரவே ஹெரக்கிளிஸ் வருகின்றான். கெரியோனோ, தான் இறப்புக்குரியவனோ அல்லனோ என்று எண்ணிப் பார்க்கின்றான். இழிவோடு வாழ்வதினும் போரில் மடிதல் நன்றெனத் துணிகின்றான். தாய் காலிரோயி தன் பாலூட்டிய மார்பைக் காட்டி அவனைத் தடுக்க முயல்கின்றாள். இவையெல்லாம் 'இலியட்'டில் பெருவீரர்க்கும் அவர் தாயர்க்கும் உரிய பேச்சுக்கள். ஹைட்ராவின் நஞ்சு தோய்ந்த அம்பு பட்டு அவன் ஒரு தலை சாயும்பொழுது, இதழுதிர்க்கும் கசகசாப் பூவைக் கவிஞர் உவமை கூறுகின்றார். கொல்லப்படவேண்டிய கோரவுருவிற்கு மென்மலரை உவமையாக்கிய துணிவு போற்றற்குரியது. அதே ஹைட்ராவின் நஞ்சே, பின்னர் நெஸ்ஸசின் குருதியோடு கலந்து, மனைவி அனுப்பிய ஆடை வாயிலாக ஹெரக்கிளிசையும் மாய்த்தது என்பதைச் சோபோக்கிளிசின் 'திராக்கிஸ் மகளிர்' என்னும் நாடகம் காட்டும். வென்றவன் உடலிலே வெல்லப்பட்டது வந்து தங்கியது.

சோபோக்கிளிசின் 'ஈடிப்பஸ் மன்னன்' இக்கருத்தின் உச்சம். சிங்கவுடலும் பெண்முகமும் சிறகுங்கொண்ட ஸ்பிங்ஸ், தீப்ஸ் நகரத்தாரிடம் விடுகதை ஒன்றை வினவி, விடையறியாதாரைக் கொன்றது. விடை 'மனிதன்' என்பது. ஈடிப்பஸ் அதனைக் கூறி நகரைக் காத்து அரசனானான். நாடகம் தொடங்கும்பொழுது ஸ்பிங்ஸ் இறந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. விடுகதையும் நாடகத்தில் எடுத்துக் கூறப்படவில்லை. மேடையிலே கோரவுரு ஒன்றும் இல்லை. ஆயினும் நகரைக் கொள்ளைநோய் வாட்டுகின்றது. அதற்குக் காரணனாகிய தீயவனைத் தேடும் அரசன், படிப்படியாகத் தன்னையே கண்டுபிடிக்கின்றான். மனிதன் என்னும் பொதுவிடையை அறிந்தவன், தான் எந்த மனிதன் என்பதை அறிந்திலன். ஸ்பிங்ஸ் வினவிய வினா அவள் மாண்டபின்னும் மாளவில்லை. அரிஸ்டோட்டில் இந்நாடகத்தை மீண்டும் மீண்டும் எடுத்துக்காட்டியதற்குக் காரணமும் இதனால் உய்த்துணரப்படும். கோரம் முற்றிலும் நீங்கி, அச்சமும் இரக்கமுமே எஞ்சிய நிலை இது.

இந்நெறிக்கு மாறான போக்கும் அதே நூற்றாண்டில் இருந்தது. பாரசீகர் கி. மு. 480இல் ஏதென்ஸ் நகரின் கோயில்களை எரித்தனர். அவர் தோற்றோடியபின், கி. மு. 447 முதல் 432 வரை கட்டப்பெற்ற பார்த்தெனன் கோயிலின் தென்புறத்தில், திருமண விருந்திலே குடித்து வெறிகொண்டு மகளிரைக் கவர முயன்ற சென்டோர்களோடு லாபித்துக்கள் பொருங் காட்சிகள் செதுக்கப்பட்டன. மேலுடல் மனிதனும் கீழுடல் குதிரையுமாகிய அவ்வுருக்களில், அடக்கமற்ற அயல்நாட்டுப் பகைவனின் சாயலை அறிஞர் பலர் காண்கின்றனர். சிற்பத்திறன் ஒப்பற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் பகைவனை அரைவிலங்காக்கிய அளவில், தன்னைப் பற்றிய வினா அடங்கிவிடுகின்றது. அக்கிலீசுக்கும் மருத்துவத் தெய்வமாகிய அஸ்கிலேப்பியசுக்கும் ஆசானாயிருந்த கைரோனும் ஒரு சென்டோரே என்பதைக் கதைமரபு மறவாதிருந்தது கிரேக்கரின் நல்வாய்ப்பு.

பிற்காலக் கவிஞர் கோரவுருவை மேலும் நெகிழ்த்தனர். கி. மு. 3ஆம் நூற்றாண்டினராகிய தியோக்கிரிட்டசின் பொலிபீமஸ், கடல்மங்கை கலாட்டியாவைக் காதலித்து, தன் அழகின்மைக்கு நாணிப் பாடும் இடையனாகின்றான். அப்பாடல் இனியது, ஆயினும் அச்சம் முற்றும் நீங்கினமையால் அது நகைச்சுவையோடு அமைகின்றது. உரோமக் கவிஞர் ஓவிட் கூறும் மெடூசா வேறு வகையினள். அழகிய கூந்தலையுடைய கன்னியை மினர்வாவின் கோயிலிலே கடற்றெய்வம் கெடுத்தது. தெய்வத்தை ஒறுக்காத மினர்வா, கன்னியின் கூந்தலைப் பாம்பாக்கினாள். ஹெசியட் புல்வெளியிலே குறிப்பாக விட்ட துயரை, ஓவிட் வெளிப்படையான அநீதியாக ஆக்கினார். கோரம் பிறந்ததன்று, செய்யப்பட்டது என்பது அவர் கதையின் உட்பொருள்.

கோரவுருக்களை அறிவினால் விளக்கித் தள்ளும் முயற்சியும் கிரேக்கரிடையே பழமையானதே. பலேபேட்டஸ் என்பவர் பெயரால் வழங்கும் நூல், நம்பவியலாக் கதைகள் ஒவ்வொன்றிற்கும் இயல்பான நிகழ்ச்சியொன்றைக் காரணமாகக் காட்டிச் செல்லும். பிளேட்டோவின் 'பீட்ரஸ்' என்னும் உரையாடலிலே, ஏதென்சுக்குப் புறத்தே இலிசஸ் ஆற்றங்கரையில் இத்தகைய விளக்கத்தைப் பற்றிச் சோக்கிரதீசிடம் வினவப்படுகின்றது. சென்டோர், கைமிரா, கோர்கன் என ஒவ்வொன்றாக விளக்கப் புகுந்தால் முடிவேயில்லை. அதற்குத் தமக்கு ஓய்வில்லை என்கின்றார் அவர். டெல்பி வாசகப்படி தம்மையே இன்னும் அறிந்துகொள்ளாத தாம், டைபோனினும் சிக்கல் மிக்க வெறிகொண்ட விலங்கோ, அன்றி அமைதியான எளிய உயிரோ என்பதையே ஆராய விரும்புவதாக மொழிகின்றார். 'குடியரசு' ஒன்பதாம் பகுதியில் பிளேட்டோ இதனை மேலும் விரித்து, கைமிராவையும் ஸ்கில்லாவையும் செர்பரசையும் நினைவூட்டி, மனிதன் ஒவ்வொருவனுள்ளும் பலதலை விலங்கொன்றும் சிங்கமொன்றும் சிறுமனிதனொருவனும் ஒட்டியிருப்பதாக உருவகஞ் செய்கின்றார். வெளித்தோற்றம் மாத்திரமே மனிதன்; உள்ளே எதற்கு உணவிடுகின்றானோ அதுவே வளரும்.

இவ்வாறு நோக்குமிடத்து, கிரேக்கக் கோரவுருவின் வரலாறு தொலைவினின்றும் அணுக்கத்துக்கு வரும் ஒரு பயணமாகத் தோன்றும். ஹெசியட் அதனைத் தேவரின் உறவாக்கினார். ஹோமர் அதன் குகையிலே அன்பையும், அதனை எதிர்த்தோன் நெஞ்சிலே மௌனத்தையும் கண்டார். ஸ்டெசிக்கோரஸ் அதற்கொரு தாயைத் தந்தார். சோபோக்கிளிஸ் அதனை வென்றவனுக்குள்ளேயே அதன் வினாவை நிறுத்தினார். பிளேட்டோ அதனை ஒவ்வொருவர் நெஞ்சுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். பிறரைக் கோரவுருவெனப் பெயரிட்டுப் பகைத்தல் எல்லாக் காலத்தும் மக்களுக்கு எளிதாயிருந்த வழி. கிரேக்கரும் அவ்வழியிற் சென்றதுண்டு. ஆயினும், அவர் பெருங்கவிஞர் விட்டுச்சென்ற வழி அதுவன்று. அஞ்சத்தகு முகத்தை எதிர்கொள்ளும்பொழுது அதில் தன் சாயலைத் தேடுக என்பதே அவ்விலக்கியம் வற்புறுத்தும் பாடம். இதனை உணர்ந்து பயில்வார்க்கு, அக்கதைகள் சிறுவர் கதையாகவோ பழங்காலத்தார் மயக்கமாகவோ தோன்றா. தன்னையறிதற்குரிய கருவியாகவே தோன்றும்.